சாகடிக்கப்படும் நாயகர்கள்

ஜப்பானியர் வரைந்து அசையவிடும் ‘அனிமே’ தொடர்களுக்கு நம் கல்லூரி ஆண்டு மலரில் என்ன வேலை என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ‘டீமன் ஸ்லேயர்’ கதையின் ‘இன்ஃபினிட்டி காசில்’ படம் தமிழ் பேசிக்கொண்டே திரையரங்குகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போகும் பேருந்தில் ஏறிப் பாருங்கள். ஜன்னலோரத்து மாணவன் கையிலுள்ள அலைபேசியில் ஏதேனும் ஒரு ஜப்பானிய வீரன் வாளேந்தி நின்றுகொண்டிருப்பான். பக்கத்தில் அமர்ந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, “பொம்மைப் படந்தான தம்பி, இதுல எதுக்கு இத்தன சாவு?” என்று கேட்பார்.

கேள்வி நியாயமானது. பார்க்கின்ற நாங்களும் அதைக் கேட்டுக்கொள்ளாமல் இல்லை. ஆண்டுக்கணக்கில் நம்மோடு கூடவே வளர்ந்த ஒருவன், கதை முடிவை நெருங்கும்போது ஏன் சாகடிக்கப்படுகிறான்? ‘நருட்டோ’வில் நெஜி, ‘அட்டாக் ஆன் டைட்டன்’ கதையில் முதலில் ஹான்ஜி, பிறகு கதாநாயகன் எரெனே, ‘கோட் கியாஸ்’ கதையில் லெலூஷ், ‘ஜுஜுட்சு கைசென்’ கதையில், வெல்ல ஆளில்லை என்று பெயர் வாங்கிய கோஜோ. இவர்கள் எவரும் ஓரமாக நின்று வசனம் கேட்டவர்கள் அல்லர். கதையைத் தூக்கிச் சுமந்தவர்கள்.

(முடிவுகளை ஒளிவுமறைவின்றிப் பேசப் போகிறேன். முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்று அஞ்சும் நண்பர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம். ஆனால் அந்த அச்சமே சரிதானா என்பதும் இங்கே விசாரணைக்கு வரும்.)

வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் மூன்று. அதிர்ச்சி கொடுத்தால் பேசப்படும், பேசப்பட்டால் விற்கும் என்பது ஒன்று. போர்க்கதையில் ஒருவரும் சாகாவிட்டால் பகைவனின் வலிமையை எவன் நம்புவான் என்பது மற்றொன்று. ஜப்பானியர் உதிரும் செர்ரிப் பூவைக் கொண்டாடுகிறவர்கள், ஆகவே சாவையும் அழகாகக் காண்கிறார்கள் என்று ஒரு நாட்டையே பூவுக்குள் அடக்கிவிடும் விடை மூன்றாவது. முதல் இரண்டிலும் உண்மை உண்டு. மூன்றாவதை நான் ஏற்பதில்லை. பூ உதிராத நாடு எது?

இந்தக் கதைகள் பிறக்கும் இடத்தைப் பார்த்தால் வேறொரு காரணம் தெளிவாகத் தெரியும். புகழ்பெற்ற அனிமே தொடர்களில் பல, முதலில் வார இதழ்களில் ‘மங்கா’ என்னும் படக்கதையாக வந்தவை. ‘ஷோனென் ஜம்ப்’ என்ற வார இதழில் எந்தக் கதை பிடிக்கிறது என்று வாசகர்கள் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அந்தக் கணக்கில் முன்னணியில் நிற்கும் கதையை இதழ் எளிதில் முடியவிடாது; பின்தங்கிய கதையைத் தொடரவிடாது. இத்தகைய ஏற்பாட்டில் வாசகர் உயிரை வைத்திருக்கும் பாத்திரத்தை நடுவழியில் கொல்ல எந்த ஆசிரியனுக்குத் துணிவு வரும்? அந்தப் பாத்திரம் இதழுக்கும் பொம்மைக் கடைக்கும் வருமானம் தேடித் தருகிறவன். ஆகவே, ஆண்டுக்கணக்கில் மலையிலிருந்து விழுவான், சாகமாட்டான். வாள் பாயும், சாகமாட்டான். இனி முடிக்கலாம் என்று தீர்மானமான பின்புதான் ஆசிரியன் கைக்கு விடுதலை கிடைக்கிறது. அதுவரை அவன் தள்ளிப்போட்ட சாவுகளெல்லாம் கடைசிக் கட்டத்தில் வந்து குவிகின்றன. ‘அட்டாக் ஆன் டைட்டன்’ 2009 முதல் 2021 வரை இதழில் வந்தது. ‘நருட்டோ’ 1999 முதல் 2014 வரை. இத்தனை ஆண்டுக் கடன் கடைசியில் வசூலாகும்போது கூட்டமாகத்தானே சாக வேண்டியிருக்கும்!

நம் தொலைக்காட்சித் தொடர்களில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அங்கே முடிவு என்பதே கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருப்பதால் எவரும் கதைக்காகச் சாவதில்லை. நடிகர் விலகினால் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி போட்டுவிடுவார்கள். அதற்கும் வழியில்லையென்றால் சுவரில் ஒரு படம், படத்துக்கு ஒரு மாலை, ஒரு சீரோ வாட் பல்பு. அந்தச் சாவுக்கு அழுதவர் எவரையும் நான் கண்டதில்லை.

ஆனால் ஜப்பானில் அழுதிருக்கிறார்கள். வெறும் கோட்டோவியத்துக்கு அழுதிருக்கிறார்கள். ‘அஷிட்டா நோ ஜோ’ என்பது 1968-இல் தொடங்கி 1973 வரை இதழில் வந்த குத்துச்சண்டைக் கதை. ஜோ என்ற ஏழைச் சிறுவனுக்கு ரிகிஇஷி என்றொரு எதிரி. ஓவியர் சிபா டெட்சுயா அந்த எதிரியைத் தொடக்கத்தில் ஜோவைவிடப் பெரிய உருவமாக வரைந்துவிட்டார். குத்துச்சண்டையிலோ எடைக்கு எடை நிகராக இருந்தால்தான் மோத முடியும். இருவரும் மேடையில் மோத வேண்டுமானால் பெரியவன் எடையைக் குறைத்தாக வேண்டும். ரிகிஇஷி பட்டினி கிடக்கிறான், தண்ணீர்கூட மறுக்கிறான், எலும்பும் தோலுமாய் மேடையேறி வெல்கிறான், வென்ற கையோடு சாகிறான். 1970 மார்ச் 24 அன்று, பதிப்பகமான கோடான்ஷாவின் கட்டடத்தில் அவனுக்கு உண்மையாகவே ஓர் இறுதிச் சடங்கு நடத்தப்பட்டது. கவிஞர் டெராயாமா ஷூஜி முன்னின்று நடத்த, ஏறத்தாழ 700 பேர் வந்து அஞ்சலி செலுத்தினர். பிறக்காதவனுக்கு ஈமக்கடன்! நகைப்போர் நகைக்கலாம். நான் நகைக்க மாட்டேன். ஏனென்றால் நம் ஊரில் இதைவிடப் பெரிதாகவே நடக்கிறது.

நம் திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரிச் சீமையில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு உண்டு. நீண்ட வில், அதன் மேல் மணிகள், குடம், உடுக்கை, தாளம், கட்டை. நடுவில் வீசுகோலுடன் புலவர். பக்கத்தில் ஆமாம் போட ஒருவர். சாமியின் கதை பாடப்படும். இக்கதைகளை நேரில் கேட்டு ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் அமெரிக்க அறிஞர் 1988-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பிறப்பைப் பாடும் கதைகள், இறப்பைப் பாடும் கதைகள் என்று வில்லுப்பாட்டை அவர் இரண்டாகப் பகுக்கிறார். கயிலையில் பிறந்து வந்த தெய்வங்கள் முதல் வகை. மண்ணில் மனிதராகப் பிறந்து, அநியாயமாகக் கொல்லப்பட்டுத் தெய்வமானவர்கள் இரண்டாம் வகை. அந்த இரண்டாம் வகைக் கதைகளில் உச்சக்கட்டம் எது தெரியுமா? நாயகன் விழும் இடந்தான். புலவர் குரல் ஏற, உடுக்கை வேகம் கொள்ள, கதையில் அவன் உயிர் போகும் வேளையில் கூட்டத்தில் நிற்கும் சாமியாடியின் மேல் அருள் வந்து இறங்கும். கதையில் செத்தவன் அந்தக் கணத்திலேயே எதிரில் வந்து நிற்கிறான்.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து, மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்ட கதைப்பாடல் அது. பட்டன் அந்தணன். பொதிகைக் காட்டு வழியில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் அக்காள் தங்கை இருவரைக் கண்டு காதல் கொள்கிறான். அவர்கள் தோல் தொழில் செய்யும் அருந்ததியர் குலத்து வாலப்பகடையின் வளர்ப்பில் இருந்தவர்கள். பெண் கேட்கப் போனவனை வாலப்பகடை நம்பவில்லை. குடுமியை எடு, பூணூலை எடு, செருப்புத் தைக்கப் பழகு, பிறகு பார்க்கலாம் என்கிறான். பட்டனின் தமையன்மார் தடுக்கிறார்கள். பட்டன் எல்லாவற்றையும் துறந்து, செருப்புத் தைக்கக் கற்று, தைத்த செருப்பைக் கொண்டுவந்து கொடுத்துத்தான் மாலை மாற்றுகிறான். மணமான அன்றே மாடுகளைக் கொள்ளையர் ஓட்டிப் போகிறார்கள் என்று செய்தி வருகிறது. பட்டன் போகிறான், போரிடுகிறான், வெல்கிறான். மறைந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்துகிறான். நாய் ஓடிவந்து வீட்டுக்குச் சேதி சொல்கிறது. அக்காளும் தங்கையும் தீயில் இறங்குகிறார்கள்.

எங்கள் ஆச்சிக்குப் பிறந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். இந்தக் கதையை எத்தனை கொடையில் கேட்டிருப்பாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. ஒவ்வொரு வரியும் அவளுக்குத் தெரியும். எனினும் நள்ளிரவில் கண் அசரும்போது பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம், “ஏலே, பட்டன் சாகதுக்கு முந்தி என்னய எழுப்பி விட்ரு” என்று சொல்லிவிட்டுத்தான் தலை சாய்ப்பாளாம். முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்று விடுதியில் சண்டை போடும் நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தெரிந்த சாவுக்காகக் கண்விழித்துக் காத்திருக்கும் கூட்டத்துக்கு அதிர்ச்சி என்ன தேவை? அவர்கள் காத்திருப்பது வேறொன்றுக்காக. அவனைக் கொன்றது அநியாயம் என்று ஊர் கூடி நிற்க, உரக்கச் சொல்லப்படும் அந்த ஒரு வேளைக்காக.

கட்டபொம்மன் கதையும் அப்படித்தான். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவன் தூக்கிலிடப்பட்டதை அறியாமலா 1959-இல் சிவாஜி கணேசனின் படத்துக்குக் கூட்டம் கூடியது?

இந்த இடத்தில் ஜப்பானியக் கதைகளுக்குத் திரும்பினால், நல்ல சாவுக்கும் போலிச் சாவுக்கும் வேறுபாடு தெரியத் தொடங்கும். ‘கோட் கியாஸ்’ 2008-இல் முடிந்தது. லெலூஷ் தன் சாவைத் தானே திட்டமிடுகிறான். உலகத்தின் வெறுப்பு முழுவதையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டு, நண்பன் கையால் குத்துப்பட்டுச் சாகிறான். கொல்லத் துணிந்தவன் கொல்லப்படவும் தயாராக இருக்க வேண்டும் என்பது முதலிலிருந்தே அவன் வாயில் இருந்த கொள்கை. கடன் வாங்கியவன் அவனே, கட்டியவனும் அவனே. எரென் கதையும் ஏறக்குறைய இதுதான். உலகில் பெரும்பகுதியை மிதித்து அழித்தவனை அவன்மேல் உயிரை வைத்திருந்த பெண்ணே வெட்டுகிறாள். அதைவிடக் குறைந்த விலைக்கு அந்தக் கதை முடிந்திருக்குமானால் நான் அலைபேசியைத் தூக்கி எறிந்திருப்பேன். (தவணை இன்னும் முடியாததால் எறிந்திருக்கவும் மாட்டேன்.)

டோமினோ யோஷியுகி என்ற இயக்குநரைப் பற்றியும் ஒரு சொல். எல்லோரையும் கொன்றுவிடுபவர் என்றே அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அவருடைய ‘ஐடியான்’ தொடர் 1980-81-இல் 39 பகுதிகளோடு பாதியில் நிறுத்தப்பட்டது. 1982-இல் திரைப்படமாக அதற்கு முடிவு எழுதினார். அதில் இரு தரப்பிலும் ஒருவர் மிஞ்சவில்லை, குழந்தைகள்கூட. ஆனால் சாவோடு அவர் நிறுத்தவில்லை. இறந்த உயிர்களெல்லாம் பகை மறந்து ஒன்றுகூடி, மறுபிறப்பு நோக்கி விண்வெளியில் போகின்றன. நம் வில்லுப் புலவருக்கு இதைச் சொன்னால் புதிதாக ஒன்றும் கேட்டதாக எண்ணமாட்டார்.

இனி நெஜியிடம் வருகிறேன். இக்கட்டுரையை நான் எழுதத் துணிந்ததே அவனுக்காகத்தான்.

‘நருட்டோ’ கதையில் ஹியூகா என்றொரு பெருங்குடும்பம். அதில் தலைமைக் கிளை ஒன்று, துணைக் கிளை ஒன்று. துணைக் கிளையில் பிறந்த பிள்ளையின் நெற்றியில் சிறு வயதிலேயே ஒரு முத்திரை குத்தப்படும். தலைமைக் கிளையார் நினைத்தால் அந்த முத்திரை வழியாகவே அவனைத் துடிக்க வைக்கலாம், கொல்லவும் கொல்லலாம். செத்தால்தான் அது அழியும். நெஜி துணைக் கிளையில் பிறந்தவன். குடும்பத்திலேயே பெரிய திறமைசாலி. ஆனால் எத்தனை கற்றாலும் அவன் வேலை தலைமைக் கிளையைக் காப்பதுதான். பிறப்பே விதி என்று நம்பிக் கசந்துபோனவனை, படிப்பில் கடைசி மாணவனாகிய நருட்டோ தோற்கடிக்கிறான். தோற்கடித்துவிட்டு வாக்குக் கொடுக்கிறான்: நான் ஊர்த் தலைவனாகி ஹியூகா குடும்பத்தை மாற்றிக்காட்டுகிறேன்.

ஜப்பானிய மொழி தெரியாத நமக்கு இதைவிடத் தெளிவாக வேறெது புரியப்போகிறது? பிறந்தபோதே நெற்றியில் குத்தப்படும் முத்திரை கண்ணுக்குத் தெரிவதாக இருந்தால் என்ன, தெரியாததாக இருந்தால் என்ன? வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளைகள் பலர் நம்மிடையே இருக்கிறோம். விண்ணப்பத்தில் தந்தையின் தொழிலை நிரப்பும் இடத்தில் பேனா ஒரு கணம் நின்று செல்லாதவர் நம்மில் எத்தனை பேர்? அந்த நெஜி வென்று காட்டுவான் என்று நாங்கள் காத்திருந்தோம்.

என்ன நடந்தது? பெரும்போர் வந்தது. பகைவன் எய்த கூர்முனைகள் தலைமைக் கிளைப் பெண்ணாகிய ஹினாட்டாவையும் நருட்டோவையும் நோக்கிப் பாய்ந்தபோது, நெஜி குறுக்கே பாய்ந்து உடலில் ஏற்றுக்கொண்டு செத்தான். நெற்றியிலிருந்த முத்திரை மறைந்தது. சில பக்கங்கள் கண்ணீர். பிறகு போர் தொடர்ந்தது. நருட்டோ ஊர்த் தலைவனும் ஆனான். ஆனால் துணைக் கிளை முத்திரையை எடுத்தெறிந்த காட்சி கதையின் முடிவில் இல்லை. கொடுத்த வாக்கைக் கேட்க வேண்டியவன்தான் போய்விட்டானே!

நெஜி தன் விருப்பத்தால் செத்தான், ஆகவே அது சுதந்திரம் என்று வாதிடுவோர் உண்டு. விடுதியில் ஓர் இரவு முழுவதும் இந்த வாதம் நடந்திருக்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை. எதற்காகப் பிறந்தாய் என்று முத்திரை குத்தினார்களோ, அதையே செய்துவிட்டுச் செத்தவனுக்குச் சுதந்திரம் என்று பெயர் சூட்டுவது சாமர்த்தியமான பேச்சு, அவ்வளவுதான். கதையாசிரியருக்கு இரண்டு வழிகள் இருந்தன. முத்திரையை அழிப்பது ஒன்று. முத்திரை குத்தப்பட்டவனை அழிப்பது மற்றொன்று. இரண்டாவது எளிது. முதலாவதில் ஒரு குடும்பத்தின் ஒழுங்கையே மாற்றி எழுத வேண்டும்.

இந்த எளிய வழியைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியர் அல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நம் கதைகளில் அது ராஜபாட்டை. மதுரை வீரன் அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன்; பொம்மியையும் வெள்ளையம்மாளையும் மணந்தவன்; மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் சாகிறான். கதை வளர வளர அவன் காசி ராஜன் மகன் என்றும் ஆகிவிடுகிறான். முத்துப்பட்டன் கதையிலும் இவ்வாறே, அந்தப் பெண்கள் இருவரும் உண்மையில் அந்தணர் வீட்டுப் பிள்ளைகள், காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று பிற்காலத்தில் யாரோ ஒட்டுப்போட்டிருப்பதை நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். மீறியவனைக் கொன்றும் மனம் ஆறாமல், மீறவேயில்லை என்று பிறப்பையும் திருத்திவிடுகிறார்கள்!

திரைப்படத்துக்கு வந்தால், சேரன் இயக்கி 1997-இல் வந்த ‘பாரதி கண்ணம்மா’வில் பண்ணையார் மகளும் பண்ணையாளும் காதலிக்கிறார்கள். அவள் உயிரை விடுகிறாள், அவன் சிதையில் பாய்கிறான். இருவரையும் சாதியை மீறி வாழவைக்க 1997-இல் துணிவு வரவில்லை. எரிக்கத் துணிவு இருந்தது. பெண் கணக்கில் கூடிவிட்டாலும் இதே வைத்தியந்தான். கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவன் குந்தவைக்கென்று ஆகிவிட்டபின் மணிமேகலை என்ன செய்வாள்? கடைசியில் பித்துப் பிடித்து, அவன் மடியிலேயே உயிர் விடுகிறாள். பழைய படங்களின் இரண்டாவது கதாநாயகி சரியான நேரத்தில் குறுக்கே பாய்ந்து துப்பாக்கிக் குண்டை வாங்கிக்கொள்வதும் அவள் வழித்தோன்றல் முறைமை போலும்.

யாருக்குச் சாவு மறுக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எம்.ஜி.ஆர். சாகும்படி முடிந்த ‘பாசம்’ படத்தை 1962-இல் ரசிகர்கள் ஏற்கவில்லை. 1991-இல் வந்த ‘தளபதி’ கர்ணன் கதையைத் தழுவியது. ஆனால் அதில் கர்ணன் இடத்தில் நின்ற ரஜினிகாந்த் பிழைத்துக்கொள்கிறார். துரியோதனன் இடத்தில் நின்ற மம்மூட்டி சாகிறார். வியாசர் என்ன எழுதியிருந்தாலும் சுவரொட்டியில் யார் படம் பெரிதோ அவர் சாகக் கூடாது!

திருவேங்கடத்துக்காரர்களுக்கு இன்னும் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நெற்கட்டும்செவல் பாளையக்காரர் புலித்தேவனை ஆங்கிலேயர் பிடித்துக் கொண்டு போகும் வழியில், சங்கரன்கோவில் கோயிலுக்குள் வழிபடச் சென்றவர் அப்படியே சோதியில் மறைந்துவிட்டார் என்பது ஊர்க்கதை. மறைந்த இடம் என்று ஓர் அறையைக் காட்டுகிறார்கள். கதை அவரைச் சாகவிடவில்லை. அவர் படைத்தலைவன் வெண்ணிக்காலாடியோ, குடல் சரிந்த வயிற்றைத் தலைப்பாகைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு போரிட்டு மாண்டான் என்று அதே ஊர்க்கதை சொல்கிறது. தலைவர் மறைகிறார், தொண்டன் சாகிறான். இருவர் வீரத்திலும் எனக்கு ஐயமில்லை. கதை சொன்னவர்களின் பங்கீட்டைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

அப்படியானால் வில்லுப்பாட்டும் பட்டனைக் கொல்லத்தானே செய்கிறது, அதை மட்டும் ஏன் புகழ்ந்தாய் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பாபநாசம் மலையில், காரையாறு பகுதியில் சொரிமுத்து ஐயனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு அங்கே வண்டி கட்டிக்கொண்டு போன காலத்தை முதியோர் சொல்வார்கள்; இப்போது பேருந்தில் போகிறோம். அங்கே பட்டவராயன் என்ற பெயரில் முத்துப்பட்டன் இருக்கிறான். பொம்மக்காவும் திம்மக்காவும் உடன் இருக்கிறார்கள். அவனுக்கு என்ன காணிக்கை தெரியுமா? செருப்பு. புதிதாகத் தைத்த பெரிய தோல் செருப்புகளைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். எந்தத் தொழிலைச் செய்ததற்காக அவன் குலத்தைவிட்டு நீங்கினானோ, அந்தத் தொழிலின் பொருளை, கோயில் வாசலிலேயே கழற்றிப் போட வேண்டிய பொருளை, எல்லாச் சாதியாரும் சுமந்து போய் அவன் முன்னே வைத்துக் கும்பிட வேண்டியிருக்கிறது. பூணூலை மாட்டி அவனை மறுபடியும் அந்தணனாக்க எந்த ஒட்டுவேலையாலும் முடியவில்லை. கொன்ற கதைதான், ஆனால் செத்தவன் தன் வழக்கை விடவில்லை. நெஜிக்கு அப்படி ஒரு செருப்புக்கூடக் கட்டப்படவில்லை என்பதுதான் என் குறை.

பட்டனைப் போல் செத்தபின் வழக்காடுவது ஒரு வழி. சாகாமலே வழக்காடுவதும் ஒரு வழி. நம் நெல்லை மண்ணிலிருந்தே மாரி செல்வராஜ் 2018-இல் ‘பரியேறும் பெருமாள்’ எடுத்தார். அதில் சாவு தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. கருப்பி என்னும் நாயைத் தண்டவாளத்தில் கட்டிக் கொல்கிறார்கள். அடுத்து பரியன்தான் என்று அச்சத்தோடு பார்த்திருக்கிறோம். அதே தண்டவாளத்துக்கு அவனையும் கொண்டுவருகிறார்கள். நம் வழக்கப்படி அவன் அங்கேயே செத்திருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அவன் சாகவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணின் தந்தை எதிரில் நின்று, தன்னை என்னவெல்லாம் செய்தார்கள் என்று கேட்கிறான். இரண்டு தேநீர்க் கோப்பைகளும் நடுவில் ஒரு பூவுமாகப் படம் முடிகிறது. தீர்வு எதுவும் கிடைத்துவிடவில்லை. ஆனால் கேள்வி கேட்கும் ஆள் உயிரோடு இருக்கிறான். அந்தத் தந்தை இனி நாளைக்கும் அவனைப் பார்த்தாக வேண்டும்.

நெஜி பிழைத்திருந்தால் அவனும் போர் முடிந்து ஊர் திரும்பியிருப்பான். ஒருநாள் காலையில் ஹியூகா வீட்டுப் பெரிய கூடத்துக்குள் போய், குடும்பத் தலைவருக்கு எதிரே பாயில் உட்கார்ந்து, நெற்றித் துணியை அவிழ்த்து வைத்துவிட்டு, இந்த முத்திரையை எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டிருப்பான். நருட்டோ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். வாக்குக் கொடுத்தவன் அவன். அந்தக் காட்சியை வரைய எத்தனை பக்கம் பிடித்திருக்கும்? போர்க்களத்தில் அவனை விழவைத்து வரைந்த பக்கங்களைவிட அதிகம் ஆகியிருக்காது.